பெரியப்பா கேட்ட பாட்டு

முதலில் டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் கழுத்து ஒன்றை வரைந்தார். அதன் நடுவில் சிறியதாக ஒரு முட்டை. முட்டையை ஒட்டினாற்போல் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பேனா முனையால் தட்டிவிட்டு ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார்.

அவர் நிறுத்தியதும் உர்சுலா தன் பெரியம்மா பிலோமினம்மாளின் பக்கம் திரும்பினாள். "கட்டியை எடுத்துத்தான் ஆகணுமாம் பெரியம்மா. அது எப்படிப்பட்ட கட்டின்னு எடுத்த பிறகுதான் சொல்ல முடியுமாம்."

"சரின்னு சொல்லு."

"இந்தக் கோடு இருக்கே, இது குரலுக்குப் போற நரம்பு. கட்டி அது மேலேயே சாஞ்சிருக்காம். கவனமாத்தான் எடுப்பாங்க. ஆனாலும் ஆபரேஷனுக்கு அப்புறம் உங்க குரல் மாறிப் போகலாமாம்."

பிலோமினம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தைச் சுற்றியிருந்த சேலைத் தலைப்பைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

"பேச முடியுமான்னு கேக்கட்டுமா?" என்றாள் உர்சுலா.

"பேச்சைப் பத்திக் கேக்காதே. பாட முடியுமான்னு கேளு."

உர்சுலா கேட்டாள். டாக்டர் நிமிர்ந்து பிலோமினம்மாளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நீங்க பாடகியான்னு கேக்கிறாரு."

"ஜூரோங்ல ஃபேக்டரியில ஒயர் ஒட்டுற வேலைன்னு சொல்லு. முழுசாப் பாடுறது வருஷத்துக்கு ஒரு தடவைதான்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தீபாவளிக்கா, கிறிஸ்துமஸுக்கா என்று கேட்டார்.

"கல்லறைத் திருநாளுக்கு. நவம்பர் ரெண்டாம் தேதி. சுவா சூ காங்ல, எங்க வீட்டுக்காரரு கல்லறையில."

உர்சுலா இதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது டாக்டர் முகத்தில் சிரிப்பு இல்லை. மேசை நாள்காட்டியைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினார். அக்டோபர் நடுவில் ஒரு தேதியைச் சொன்னார்.

"கல்லறைத் திருநாளைத் தாண்டி வைக்க முடியுமான்னு கேளு. மூணாம் தேதி காலையில நானே வந்து படுத்துக்கிறேன். யாரும் கூப்பிட வேண்டாம்."

முடியாது என்றார் டாக்டர். ஏற்கெனவே தாமதம். குரல் போனாலும் சில மாதங்களில் திரும்பக்கூடும், திரும்பாமலும் போகலாம், அதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல, என்ன பாட்டு என்று கேட்டார்.

"இங்கிலீஷ் பாட்டுன்னு சொல்லு. சிக்ஸ்டீஸ்ல வந்த பாப் சாங்."

உர்சுலா டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு வயது இருபது; பெரியப்பா இறந்தபோது ஐந்து. பேச்சு புரிய ஆரம்பித்த நாளிலிருந்து அவள் கேட்டு வந்த பாட்டு அது. அது ஆங்கிலம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்குப் பிலோமினம்மாளைத் தெரியாது. அவர் அந்தப் பாட்டைப் பாத்திரம் கழுவும்போது பாடுவார், சேலை மடிக்கும்போது பாடுவார். பிறகு கணவரின் கல்லறையருகில் உதடு பிரிந்தும் பிரியாமலும் பாடுவார். சுற்றிலும் வயதானவர்கள் பழைய லத்தீன் கீதங்களை முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். இதுவும் லத்தீன் என்றே உர்சுலா எண்ணியிருந்தாள். பிறந்ததிலிருந்து காதில் விழும் ஓர் ஓசைக்குள் சொல் இருக்கிறதா என்று யார் தேடிப் பார்க்கிறார்கள்? வீட்டில் அதற்குப் பெயர் 'பெரியப்பா பாட்டு'. அவ்வளவுதான்.

பிலோமினம்மாள் வளர்ந்தது சிங்கப்பூரின் செம்பவாங் நேவல் பேஸில், வெள்ளைக்காரர்களின் கடற்படைத் தளத்தில். அப்பா அங்கே கப்பல்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். வரிசையாக நின்ற தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறையும் சமையற்கட்டும். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தார். ஆங்கிலம் அந்தப் பள்ளிக்கூடத்தில் பெயருக்கு ஒரு பாடமாக இருந்ததே தவிர, யார் வாயிலும் இருக்கவில்லை. ஆனால் குரல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர் பாட ஆரம்பித்தால் பீடத்தில் இருக்கும் சாமியார் ஒரு கணம் ஏட்டைப் புரட்ட மறந்துவிடுவார் என்று சொல்வார்கள்.

அடுத்த வரிசை வீட்டில் ஆம்ப்ரோஸ் இருந்தார். அவரும் மாதா கோயில் பிள்ளைதான். கிட்டார் வாசிப்பவர், நெற்றியை மறைக்கும் முடிக்காரர். அறுபதுகளின் நடுவில் சிங்கப்பூர் முழுக்க அதே காய்ச்சல்தான். நாலு பையன்கள் சேர்ந்தால் ஒரு குழு, குழுவுக்கு ஓர் ஆங்கிலப் பெயர், ஒரே மாதிரி சட்டை. ஆம்ப்ரோஸும் அவருடைய கூட்டாளிகளும் தங்களுக்கு 'த ஜெட்டீஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வாசிக்க ஆள் இருந்தது, பாடத்தான் சரியான ஆள் இல்லை. ஆம்ப்ரோஸ் நேராகப் பிலோமினம்மாளின் அம்மாவிடம் போய் நின்றார்.

அம்மா இரண்டு நிபந்தனை போட்டார். சேலையில்தான் பாட வேண்டும். மாலை ஆறு மணி ஜெபமாலைக்கு வீட்டுக்குள் இருக்க வேண்டும். டீ டான்ஸ் என்கிற ஞாயிறு பிற்பகல் நடன விருந்துகள் ஐந்து மணிக்கு முடிந்துவிடும் என்பதால் அம்மாவுக்கும் ஜெட்டீஸுக்கும் சண்டை வரவில்லை.

இனி, ஆங்கிலம் தெரியாத பெண் எப்படி ஆங்கிலப் பாட்டுப் பாடினாள் என்பது. ஆம்ப்ரோஸ் வீட்டு இசைத்தட்டுப் பெட்டியில் ரெக்கார்டைப் போடுவார்கள். ஓர் அடி பாடியதும் ஆம்ப்ரோஸ் முள்ளைத் தூக்கிவிடுவார். பிலோமினம்மாள் கேட்டதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார். கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம்தான் ஏடு. புரியாவிட்டால் மறுபடி முள் இறங்கும். தமிழில் இல்லாத ஓசைகளுக்கெல்லாம் அவர் ஆய்த எழுத்தைப் போட்டுச் சமாளித்தார். பள்ளிக்கூடத்தில் யாரும் சீண்டாத அந்த மூன்று புள்ளிக்கு வாழ்வு வந்தது அவருடைய தாள்களில்தான். எழுதிய தாளைச் சோற்றுப் பசையால் சமையற்கட்டுச் சுவரில் ஒட்டி, மாவாட்டிக்கொண்டே மனப்பாடம் செய்வார். மனப்பாடமானதும் தாள் அடுப்புக்குப் போகும்.

"அர்த்தம் கேக்க மாட்டியா பிலோ?" என்று ஆம்ப்ரோஸ் ஒரு தடவை கேட்டிருக்கிறார்.

"லத்தீன்ல பாடுறேனே, அதுக்கு நீ அர்த்தம் சொன்னியா?"

மேடையில் அறிவிப்பாளருக்குப் பிலோமினம்மாள் என்ற பெயர் வாய்க்குள் அடங்கவில்லை. 'ஃபில்லிஸ்' என்று அறிவித்தார். அன்றிலிருந்து 'ஃபில்லிஸ் அண்ட் த ஜெட்டீஸ்'. கப்பல் சிப்பாய்கள் நிறைந்த கேன்டீனில், நீலக் கைத்தறிச் சேலை கட்டி, தலைமுடியில் மல்லிகை வைத்துக்கொண்டு ஃபில்லிஸ் பாடினார். ஒருநாள் ஒரு சிப்பாய் பாட்டு முடிந்ததும் மேடைக்கு வந்து ஏதேதோ பாராட்டிப் பேசினான். இவர் சிரித்துக்கொண்டே நின்றார். ஆம்ப்ரோஸ் குறுக்கே வந்து, தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியாது என்று ஆங்கிலத்தில் சொல்லிவைத்தார். "இவ்வளவு நேரம் பாடிய குரல் அதற்குள் எங்கே போயிற்று?" என்று சிப்பாய் கேட்டானாம். இதை ஆம்ப்ரோஸ் பின்னால் மொழிபெயர்த்துச் சொன்னபோது குழுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அந்தக் கேன்டீனின் கடைசி வரிசையில் ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆடுவதில்லை, குடிப்பதில்லை. அவர் அருளானந்தம், கப்பல் பட்டறைப் பண்டகசாலையில் கிளார்க். மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர். 1969இல் மூன்று ஞாயிறு கோயிலில் திருமண அறிவிப்பு ஓலை வாசித்து, இருவருக்கும் கல்யாணம் நடந்தது.

கல்யாண விருந்து பங்குக் கோயில் மண்டபத்தில். மணப்பெண் பாடுவது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. ஆனால் பிலோமினம்மாளுக்கு அவருக்காக ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று ஆசை. தனக்குத் தெரிந்த பாட்டுகளிலேயே கேட்டால் நெஞ்சு கரைகிற மெட்டாகப் பார்த்துத் தானே தேர்ந்தெடுத்தார். பிற்பாடு அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் மலர்ந்துவிடும். "மண்டபத்துல ஒரு சத்தம் இல்லடி. கையில இருந்த பிரியாணியை வாயில வைக்காம அப்படியே உக்காந்திருந்தாங்க. முடிஞ்சதும் உங்க பெரியப்பாதான் மொதல்ல எந்திரிச்சுக் கைதட்டினாரு. மாப்பிள்ளையே எந்திரிச்சிட்டாருன்னு எல்லாரும் எந்திரிச்சாங்க."

அதுதான் அவர் மேடையில் பாடிய கடைசிப் பாட்டும். வெள்ளைக்காரர்கள் எழுபத்தொன்றில் போய்விட்டார்கள். கேன்டீன் மூடியது. டீ டான்ஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன. முடி வளர்த்த ஆண்களை அரசாங்க அலுவலகங்களில் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று படம் போட்டு ஒட்டினார்கள். ஆம்ப்ரோஸ் தபால் நிலையத்தில் ஒருநாள் முழுக்க நின்று பார்த்துவிட்டு, நேரே முடிதிருத்தும் கடைக்குப் போனார். கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஜெட்டீஸ் கலைந்தது.

பிலோமினம்மாள் ஜூரோங்கில் வானொலிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். வேலை சுத்தம், கை நிதானம். ஆனால் ஆங்கிலம் தெரிந்த, தனக்குப் பின்னால் சேர்ந்த பெண்கள் ஒவ்வொருவராக மேற்பார்வையாளர் ஆனார்கள். அவர் முணுமுணுத்துப் பாடுவதைக் கேட்ட ஒரு மேலாளர், இந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியுமே என்று ஓர் அறிவிப்பைக் கையில் கொடுத்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டச் சொன்னாராம். அவர் அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பக்கத்து மலாய்க்காரப் பெண்தான் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு தொழிற்சாலையில் அவர் பாடவில்லை.

வீட்டில் பாடினார். அருளானந்தம் வேலை முடிந்து வந்து கோப்பி குடிக்கும்போது, "பிலோ, நம்ம பாட்டு" என்பார். எல்லா நாளும் இல்லை. அலுவலகத்தில் யாரோ மனசை நோகடித்த நாள், மழை பிடித்துக்கொண்ட நாள், பிள்ளையில்லை என்று உறவில் யாராவது வாய்தவறிப் பேசிவிட்ட நாள். அப்படிப் பதினோரு வருடம். 1980இல் ஒரு காலை, பஸ் நிறுத்தத்தில் நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

பிலோமினம்மாள் தங்கை வீட்டோடு வந்துவிட்டார். பிறகு எல்லாருமாகப் புக்கிட் பாத்தோக் ஃபிளாட்டுக்குக் குடிமாறினார்கள். கல்லறைத் திருநாள் வந்தால் எல்லாரும் மெழுகுவர்த்தி கொளுத்துவார்கள், பூப் போடுவார்கள், சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போவார். அதற்குப் பிறகு பிலோமினம்மாள் மட்டும் கல்லில் கையூன்றிக் குனிந்து அந்தப் பாட்டை முழுதாகப் பாடுவார். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அதைச் செய்யாமல் வீடு திரும்பியதில்லை. இந்த வருடம் அது நடக்காமல் போகக்கூடும் என்பதுதான் மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது அவருடைய ஒரே கவலை. கட்டி எப்படிப்பட்டது என்று அவர் கேட்கவே இல்லை.

"ஆம்ப்ரோஸைப் போய்ப் பாரு" என்றார் மறுநாள் உர்சுலாவிடம். "டேப்ல பிடிச்சு வச்சிடலாம். அங்க போய்ப் போட்டு விட்டாப் போச்சு. கிட்டாரையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. துருப்பிடிச்சிருந்தா கம்பியை மாத்தச் சொல்லு."

ஆம்ப்ரோஸுக்கு ஃபேரர் பார்க்கில் ஒரு சிறு கடை. வானொலி, ஒலிபெருக்கி பழுது பார்ப்பவர். உர்சுலா அவரைக் கோயிலில் தூரத்தில் பார்த்திருக்கிறாளே தவிரப் பேசியதில்லை. போன காரியத்தை அவள் சுருக்கமாகச் சொன்னாள். அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"குரல் போயிடும்னா சொன்னாங்க? பிலோவுக்கா?"

"போகலாம்னு சொன்னாங்க, அங்கிள்."

"என்ன லா இது..." என்றவர் உள்ளே போனார். பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து வந்தார். அதற்குள் பழைய சின்ன ரெக்கார்டுகள். ஒன்றைத் துடைத்துப் பெட்டியில் போட்டார். "உன் பெரியம்மா இதுலதான் படிச்சா. இதே தட்டு. கீறல்கூட நான் முள்ளைத் தூக்கித் தூக்கி வச்சதுதான்."

யாரோ ஒரு வெள்ளைக்காரர் பாடினார். மெட்டைக் கேட்டதும் உர்சுலாவுக்கு முதலில் வந்தது சமையற்கட்டு வாசனை. பெரியப்பாவின் கோப்பிக் குவளை. பிறகு சொற்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. அவள் ரெக்கார்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாளைக் காலைக் கப்பலில் நான் போகிறேன், என்றது பாட்டு. என்னைத் தேடாதே. உன்னிடம் நான் சொன்னதெல்லாம் கோடைகாலப் பேச்சு, கோடை முடிந்துவிட்டது. எனக்காக விளக்கு ஏற்றி வைக்காதே, நான் திரும்பப் போவதில்லை. உன்னைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்துவிட்டது.

தட்டு சுழன்று நின்றது.

"இதையா கல்யாணத்துல பாடினாங்க?" என்றாள் உர்சுலா.

"இதைத்தான்."

"யாரும் சொல்லலையா?"

"யாரு சொல்றது? மண்டபத்துல பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியும். கிளார்க்குங்க, மிஷன் ஸ்கூல் வாத்தியாருங்க. எல்லார் முகமும் பேயறைஞ்ச மாதிரி. ஒருத்தன் பிரியாணிய முழுங்கல." ஆம்ப்ரோஸ் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "முந்தின நாளே நான் உன் பெரியப்பாகிட்ட ஓடினேன். அண்ணே, அவளுக்கு அர்த்தம் தெரியாது, நான் சொல்லி வேற பாட்டு மாத்திடறேன், ஊரு சிரிக்கும்னு சொன்னேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? முன் வரிசையில நான் உக்காந்திருக்கேன், எவன் சிரிப்பான்னு கேட்டாரு. அப்புறம், அவ எனக்குன்னு ஒண்ணை எடுத்து வச்சிருக்கா ஆம்ப்ரோஸ், அதுல கை வைக்காதேன்னாரு."

உர்சுலா நின்றுபோன தட்டின் ஓரத்தை விரலால் தொட்டாள்.

"அதான் மொதல்ல எந்திரிச்சுக் கை தட்டினாரு, பாப்பா. சத்தமா. எங்க அந்த சைலன்ஸ் அவ காதுல விழுந்துடுமோன்னு."

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு ஆம்ப்ரோஸ் கிட்டாரோடும் டேப் ரெக்கார்டரோடும் புக்கிட் பாத்தோக்குக்கு வந்தார். உர்சுலாவின் அம்மா காற்றாடியை நிறுத்தினார், ஜன்னல்களைச் சாத்தினார், எதிர்வீட்டில் போய் வானொலியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டு வந்தார். பிலோமினம்மாள் நீலச் சேலை கட்டியிருந்தார். அந்தப் பழைய சேலை அல்ல. தேக்காச் சந்தையில் அந்த நிறத்தைத் தேடி வாங்கியது.

"கம்பி புதுசு போல இருக்கே" என்றார்.

"கம்பி புதுசு. ஆள்தான் பழசு. நீ மட்டும் என்ன, குமரியா?"

"வாயை மூடிக்கிட்டு வாசி."

பாடினார். கட்டியின் கனத்தால் மேல்சுரத்தில் குரல் சற்றுக் கரகரத்தது. மற்றபடி அது அதே குரல். அவர் வாயில் அந்த ஆங்கிலச் சொற்கள் தமிழ்ச் சோறு உண்டு வளர்ந்தவைபோல் இருந்தன. 'வரமாட்டேன்' என்கிற இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு குரலைத் தாழ்த்துவார். அது 'வா' என்று கூப்பிடுவதாகவே ஒலித்தது. அர்த்தம் தெரிந்த உர்சுலாவுக்கும் அப்படித்தான் கேட்டது. அவள் பெரியம்மாவைப் பார்க்காமல் டேப் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆம்ப்ரோஸ் திருப்பிப் போட்டுக் காட்டினார். நன்றாக வந்திருந்தது. பிலோமினம்மாள் கையைக் கன்னத்தில் வைத்துக் கடைசிவரை கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா இதைக் கல்லறையில வச்சிட்டு நான் பக்கத்துல சும்மா நிக்கிறதா? அவரு ரேடியோ கேக்குறதுக்கா அங்க படுத்திருக்காரு? ஆளு நிக்கணும் ஆம்ப்ரோஸு. மூச்சு விட்டுப் பாடணும். இதை நீ வச்சுக்க."

"பிடிவாதம் பிடிக்காதே பிலோ. வேற வழி இல்லல்ல?"

"இருக்கு. யோசிச்சிக்கிட்டு இருக்கேன்."

ஆம்ப்ரோஸ் வற்புறுத்தவில்லை. டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மின்தூக்கி வரும்வரை நடைபாதையில் நின்றார். வழியனுப்ப வந்த உர்சுலாவிடம், "சொல்லிடாதே, பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

அறுவை சிகிச்சை குறித்த நாளில் நடந்தது. கட்டி கெட்ட கட்டி இல்லை என்று சொன்னார்கள். தங்கை வீட்டில் அன்று நன்றிப் பூசைக்குக் காணிக்கை கொடுத்தார்கள். பேச்சு வந்தது, காற்று கலந்த சன்னமான பேச்சு. பாட்டு வரவில்லை. டாக்டர் சொன்ன மாதங்கள் கழிந்தும், அதற்குப் பின் வருடங்கள் கழிந்தும் வரவில்லை. பிலோமினம்மாள் அதற்காக அழுததை யாரும் பார்க்கவில்லை. தொழிற்சாலைக்குத் திரும்பப் போனார். நவம்பர் வந்தால் இன்றைக்கும் சுவா சூ காங்கில் கல்லில் கையூன்றிக் குனிகிறார். உதடு அசைகிறது. சத்தம் மட்டும் பக்கத்திலிருந்து வருகிறது.

அது அப்படி ஆனது, அறுவைக்கு முந்தின நாள் பிற்பகல் அவர் கேட்டுக்கொண்டதால்.

பார்வையாளர் நேரம். மருத்துவமனை உடையில் அவர் சிறுத்துப்போனவராகத் தெரிந்தார். கணவர் போன பின்னும் கழற்றாத தாலியும் மாதா சுரூபமும் கோத்த சங்கிலியைக் கழற்றி உர்சுலாவின் கையில் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மாவுக்கு நர்ஸ் மிஸ்ஸி மருந்து கொடுத்துவிட்டு நகரும்வரை காத்திருந்தார்.

"நீ ஆம்ப்ரோஸ் கடைக்குப் போய்ட்டு வந்த நாள்லேருந்து என் முகத்தைப் பாக்க மாட்டேங்கிற."

"அப்படியெல்லாம் இல்ல, பெரியம்மா."

"ரெக்கார்டைப் போட்டிருப்பான். அவனுக்கு வேற என்ன தெரியும்."

உர்சுலா சங்கிலியைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"அந்தப் பாட்டுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்றார் பிலோமினம்மாள். "ஆனா உங்க பெரியப்பா இருக்காரே, தெருவுல ஒரு போர்டு இருந்தாக்கூட நின்னு எனக்கு அர்த்தம் சொல்லிட்டுத்தான் நடப்பாரு. மருந்துப் பாட்டில்ல இருக்கிறதை, பஸ்ல எழுதியிருக்கிறதை, எல்லாத்தையும் சொல்லுவாரு. இதை மட்டும் பதினோரு வருஷம் ஒரு நாளும் சொன்னதில்ல. சொல்லலைன்னா அதுல ஏதோ இருக்குன்னு எனக்குப் புரியாதா? நானும் கேக்கல. அவரு சொல்லாததை நீ சொல்லாதே."

"சொல்ல மாட்டேன்."

"அது இல்ல நான் கேக்க வந்தது." அவர் உர்சுலாவின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். "எனக்குக் குரல் வந்துட்டா நானே பாடிக்கிறேன். வரலைன்னா ரெண்டாம் தேதி நீ பாடணும். உனக்குக் கூச்சம்னு தெரியும். ஆளுங்க போன பிறகு பாடு, மெல்லமாப் பாடு. நான் பக்கத்துல நிப்பேன். நீ படிச்சவ, சொல்லெல்லாம் திருத்தமா வரும். திருத்தமா பாடாதே. நான் பாடுற மாதிரியே பாடு." கொஞ்சம் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "அர்த்தம் தெரிஞ்ச மாதிரி பாடிடாதே, உர்சுலா."